திறப்பு

நள்ளிரவுக்குப் பிறகு ட்ராம் இல்லை.
லா கூர்நெவ் வீதி நனைந்து கிடந்தது.
கீழே வந்து நின்று விசிலடித்தார்கள்.
மூன்று பேர்.
நாலாவது ஆள் நான் என்று
முன்னமே எண்ணி முடித்திருந்தார்கள்.

பழைய கம்பளிச் சால்வையில் சுற்றி
ஒன்றைக் கொண்டு வந்திருந்தான் பிரதாபன்.
கைக்குழந்தையை ஏந்துவதுபோல ஏந்தியிருந்தான்.
சால்வையின் நுனியில்
தெருவிளக்கு ஒருதரம் மின்னியது.

"நீ ஒண்டும் செய்ய வேண்டாம் மச்சான்.
காரை மட்டும் ஓட்டு.
எஞ்சினை நிப்பாட்டாமல் இருந்தால் காணும்."

சோதனை என்றால்
மலையுச்சிக்குக் கூட்டிப்போய்
உலகத்து அரசுகளைக் காட்டும் என்றுதான்
மறைக்கல்வியில் படித்திருந்தேன்.
எனக்கு அது காட்டியது
பொபினியில் ஒரு தொடர்மாடி,
ஏழாம் மாடியில் அணையாத சமையலறை லைற்று,
அதற்குள்
என் தம்பியின் காதை அறுத்தவன்
சோறு தின்றுகொண்டிருப்பான் என்ற எண்ணம்.

கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை.
இருபது நிமிடம். ஒரு திறப்பு.

அது என் சட்டைப்பையில் இருந்தது.
எப்போது எடுத்தேனோ,
கைச்சூட்டில் அதுவும் சூடேறியிருந்தது.

பக்திமான் இல்லை நான்.
ஞாயிறுகளில் றெஸ்ரோரண்டில் இறால் கோது உரிக்கிறேன்.
பூசை கண்டு பதினொரு மாதம்.
தவக்காலத்தில் மீன் மட்டும் சாப்பிட்டது
மீன் மிஞ்சியதால்.
கார்க் கண்ணாடியில் செபமாலை தொங்குகிறது,
பொலிஸ் மறித்தால் கொஞ்சம் மரியாதை வரும் என்று.

அந்த நேரம்
மன்றாட்டு எதுவும் வாயில் வரவில்லை.
வந்தது ஒரு காது.

ஒலிவத் தோட்டத்தில் விழுந்த காது.
சின்ன வயதில் பெரிய வெள்ளியன்று
எல்லாரும் சிலுவையைப் பார்க்க
நான் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பேன்.
புல்லில் விழுந்ததா, மண்ணிலா,
எறும்பு வந்ததா,
பேதுரு வாளை எதில் துடைத்தார்?

இப்போது வேறொன்று தெரிந்தது.
தீப்பந்தம் கிட்ட வந்துவிட்டது. கயிறும்.
கட்டப்படுமுன் அந்தக் கைகளுக்கு
ஒரு வேலைக்குத்தான் நேரம்.
நண்பனை ஒதுக்கிவிட்டுக்
குனிந்து
பிடிக்க வந்தவனின் காதைத் தொடுகிறார்.
அதன் பிறகு அந்தக் கைகள்
எவரையும் சுகப்படுத்தவில்லை.

காது திரும்பக் கிடைத்தவன்
அன்றிரவு வீட்டுக்குப் போய்
எந்தப் பக்கம் சரிந்து படுத்திருப்பான்?

"என்னடா யோசிக்கிறாய்?"
"காது" என்றேன்.
"அதுக்குத்தானே போறம்" என்றான் பிரதாபன்.

காலடியில் மழைநீர்க் கான்.
வீரமாக எறிந்தேன் என்று சொல்ல ஆசைதான்.
கை நடுங்கி விழுந்தது.
கம்பிமேல் ஒரு கணம் கிடந்ததைக்
குனிந்து எடுக்காமல்
காலால் தட்டிவிட்டேன்.
என் பங்கு அவ்வளவுதான்.

கிளிங்.
பிறகு கெட்ட வார்த்தை. பிறகு கன்னத்தில் ஒன்று.
மறு கன்னத்தை நான் காட்டவில்லை,
அடித்த வேகத்தில் அதுவாகத் திரும்பியது.

நடந்து போக முடியாத குளிர்.
சால்வையை இறுக்கிக்கொண்டு திரும்பினார்கள்.
நாளைக்கு அவர்களுக்கு வேறு கார் கிடைக்கும்.

விடியமுன் ஏழாம் மாடிக்கு ஃபோன் எடுத்தேன்.
ஊர்ச் சங்கத்துப் பட்டியலில் நம்பர் இருந்தது.
தாய்தான் எடுத்தா.
"மகனைக் கொஞ்ச நாள் லியோனுக்கு அனுப்புங்கோ."
ஆர் என்று கேட்டா.
வைத்துவிட்டேன்.

மருத்துவமனையில் தம்பி முகம் தரவில்லை.
செய்தி என்னை முந்தி வந்திருந்தது.
"நீயெல்லாம் ஒரு அண்ணன்."

கேட்கும் காதின் பக்கம் கதிரை கிடந்தது.
தூக்கி மற்றப் பக்கம் போட்டேன்.
பஞ்சு பொதிந்த அந்தப் பக்கம்
அவனுக்கு ஒன்றும் கேளாது என்று தாதி சொல்லியிருந்தாள்.
அங்கே இருந்து,
மெல்ல,
வெட்டியவனின் பெயரைச் சொல்லி
மூன்று அருள்நிறை மரியே.
முதலாவது பல்லுக்குள் நின்றது.
மூன்றாவது பாதியில் இடறியது.

தம்பி கண் திறக்கவில்லை.
"ஆரின்ரை பேர் அது?" என்றான்.

மருந்து சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.