துணைவர் பெயர்

வந்தவர்கள் போய்விட்டார்கள்.
ஒன்பது நாள், மூன்று மேசை, அறுபத்து நான்கு முகம்.
நடைபாதையில் அவர்கள் விட்டுப்போன அட்டைப்பெட்டிகள்.
எண்ணூறு ஜோடி கையுறை, எல்லாம் பெரிய அளவு.
நான் போட்டால் விரல்நுனிகள்
காலியாய்த் தொங்கும்.

கடைசி மாலை எல்லோரையும் நிற்கவைத்துப்
படம் எடுத்தார்கள்.
படத்தில் வீக்கம்கூட நன்றாகத்தான் இருக்கும்.
அது வடிவதை, கசிவதை,
நடுராத்திரியில் ஒரு தையல் விட்டுப்போவதைப்
பார்க்க நாங்கள் இருக்கிறோம்:
நானும், டாக்டர் ஹெரிசோவாவும்,
அரைத் தொட்டி டீசலோடு ஜெனரேட்டரும்.

குறையாகச் சொல்லவில்லை.
அவர்களில் ஒருத்தி, நோர்வேக்காரி,
தீயில் ஒட்டிப்போன ஒரு சிறுமியின் கையை
விரல் விரலாகப் பிரித்தெடுத்துவிட்டு
வெளியே வந்து
கழுவிய கையையே
நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

ரெமாஞ்சா ஐம்பத்தேழாவது.
இஹோசிக்குத் தெற்கே ஏதோ மேய்ச்சல் காட்டிலிருந்து
இரண்டு நாள் நடை, ஒரு நாள் லாரி.
ஐம்பத்தெட்டு வயது.
மேலுதடு பிறவியிலேயே மூக்குவரை பிளந்தது.
உள்ளே அண்ணமும் கூரை பிரிந்த வீடு.
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு,
"ஏன் இப்போது?"
கல்யாணம் என்பார்கள்.
பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்கள் என்பார்கள்.
இவர் சொன்னது காற்றாகவே வந்தது.
மூன்று தரம் கேட்டேன்.

"பெண்டாட்டி பேரை
ஒரு தரம் சரியாகச் சொல்லணும்."

அடுத்த கட்டம், துணைவர் பெயர்.
மெலசோவா என்றார்.
மெலசோவா என்று எழுதினேன்.

மயக்கம் கொடுக்கும் மேசைகள் குழந்தைகளுக்கு.
இவருக்கு மரத்துப்போகும் ஊசி, உதடு மட்டும்.
அண்ணம் அடுத்த வருடம்,
அவர்கள் வந்தால்.
ஹெரிசோவாவுக்கு அண்ணம் தைக்கத் தெரியும்.
நான்கு செய்திருக்கிறார், நான்கும் பிழைத்தன.
வாயை விரித்துப் பிடிக்கும் அந்தச் சின்ன இரும்புதான்
இங்கே இல்லை.
இருந்த ஒன்று
அவர்கள் பெட்டியிலேயே திரும்பிப் போனது.
அவர் அதைக் காகிதத்தில் வரைந்து
லாரி பட்டறைக்காரனிடம் காட்டினார்.
"ஸ்பிரிங் கிடைத்தால் பார்க்கலாம்" என்றானாம்.

ஏழாம் நாள் தையல் பிரித்தேன்.
நூலுக்கு நூல் அவர் கால் கட்டைவிரல் மடங்கியது,
முகம் மடங்கவில்லை.
கண்ணாடியை நீட்டினேன். பார்க்காமல் கவிழ்த்துவைத்தார்.
இரண்டு உதட்டையும் மெல்ல ஒட்டினார்.
அறுபதை நெருங்கும் ஆள்
தன் வாயை முதன்முதலாக மூடுவதைப்
பக்கத்தில் இருந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"மெ" என்றார்.
திரும்பவும் "மெ".
ஒட்டிய உதட்டுக்குப் பின்னால் கட்டவேண்டிய காற்று
மூக்கு வழியே போய்விட்டது.
என்னை அவர் பார்த்த பார்வைக்கு
எந்தப் பெட்டியிலும் மருந்து இல்லை.

என்ன தோன்றியதோ,
எட்டி அவர் மூக்கை
இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தேன்.

"பெ."

வெடித்தது. வார்டில் ஒரு குழந்தை விழித்தது.
"பெலசோவா."
எச்சில் என் கண்ணாடியில் தெறித்தது.
"பெலசோவா. பெலசோவா."

சன்னலுக்கு வெளியே
கரியடுப்பில் சோறு வைத்திருந்தவள்
திரும்பவில்லை.
யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று
அகப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
முப்பத்து நான்கு வருடம் அவள் மெலசோவா.
பக்கத்துப் பெண் விலாவில் இடித்துக் காட்டிய பிறகுதான்
எழுந்து வந்தாள்.
தன் மூக்கைத் தானே பிடித்தபடி நின்ற ஆளைப் பார்த்து
முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.
சிரிப்பா என்று எனக்குத் தெரியாது.

மருந்துச்சீட்டில் எழுதிக்கொடுத்தேன்:
மூக்கைப் பிடித்துக்கொண்டு,
தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்.
அண்ணத்துக்கான வரிசையில் எண் பதினொன்று.
பிறகு பழைய படிவத்தை எடுத்து
முதல் எழுத்தைத் திருத்தப் போனேன்.

அவள் பேனாமேல் கை வைத்தாள்.
கரிப் புகை மணக்கும் கை.
"அது இருக்கட்டும்" என்றாள்.