ஒன்பதாம் கலம்

ஏலப் படிவத்தில் ஒன்பதாம் கலம்:
“கலத்தின் பணி வரலாறு, சுருக்கமாக.”
மூன்று வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.
பழைய இரும்பாகப் போகிற இழுவைப் படகுக்கு
வரலாறு எதற்கு என்றேன்.
சூப்பிரண்டு மூக்குப்பொடியை உதறிவிட்டு
“எழுதி வைய்யா” என்றார்.

பதிவேடு முழுக்கக் கரி விரல்கள்.
நாற்பத்திரண்டு சித்திரையில்
ஊரே மூட்டை கட்டி ரயிலுக்கு ஓடிய வாரம்
இது மட்டும் உலையை அணைக்காமல்
அலைதாங்கிக்கும் ஜெட்டிக்கும் நடுவே
போய்ப் போய் வந்திருக்கிறது.
இழுக்கக் கப்பலே இல்லாத நாளிலும்
“நீராவி தயார்”
என்றொரு வரி, கீழே டிக்ரூஸ் கையெழுத்து.

சண்டை போட்டதில்லை.
பீரங்கி ஒன்று ஏற்றினார்கள்;
மூக்கு தண்ணீரில் அமிழ்ந்ததால்
ஏழாம் நாளே இறக்கினார்கள்.
அந்த இடத்தில் கோழிக்கூடு இருந்ததாக
அடுத்த கணக்கெடுப்பு சொல்கிறது.

பிறகு ஒரு ஐப்பசி, காற்று ஏறிய ராத்திரி.
வெடிமருந்துக் கப்பலைத் திருப்பும்போது
“கயிறு அறுந்தது. நஷ்டம் பதினெட்டுப் பாகம்.”
அதே தேதிக்குச் சம்பளச் சிட்டையில்
லஸ்கர் தேசப்பன் பெயருக்கு நேரே
அரைநாள் கூலி.
அதற்குப் பிறகு அந்தப் பெயரே இல்லை.
இரண்டு ஏட்டையும் பக்கத்தில் வைத்து
மீதி அரைநாளைத் தேடியவன்
நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

கட்டிய ஆண்டு, குதிரைத்திறன்,
“விபத்து எதுவுமில்லை.”
கடைசி வார்த்தையை அடித்தேன்.
அடித்தல் திருத்தல் ஆகாதென்று
சூப்பிரண்டு புதுப் படிவம் நீட்டினார்.
அதில் அடிக்கவில்லை.

தகடெல்லாம் மூலக்கொத்தளம் போயிற்று.
பித்தளை ஊதலை மட்டும்
காசிமேட்டு ஐஸ் பேக்டரி வாங்கிக்கொண்டது.
காலை ஆறு மணிக்கு ஷிப்டு மாற
எத்திராஜ் குட்டையாக மூன்று தரம் ஊதுகிறான்.
துறைமுகத்தில் அதற்கு அர்த்தம்
பின்னால் வருகிறேன் என்பது.
அவனுக்குத் தெரியாது. ஐஸ் பாரை உருட்டிக்கொண்டு
ஆட்கள் முன்னால் ஓடுகிறார்கள்.

பஸ்ஸுக்கு நிற்கிற நான்
இல்லாத ஒரு கயிற்றின் வழியை விட்டு
ஓரடி தள்ளி நிற்கிறேன்.