எழுநூறு மில்லி

சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு ஊசியைக் கழற்றுவார்கள்.
செவ்வாய் காலை ஏழுக்கு மறுபடி குத்துவார்கள்.
நடுவில் இருப்பதுதான் எங்கள் விடுமுறை.

அடுப்படி மேசையில் ரயில் அட்டவணை.
அதன்மேல் அவள் மூக்குக்கண்ணாடி.
கண்ணாடிக்கு அடியில் மட்டும் பெரிதாகத் தெரிகிறது
மோன்டெரொஸ்ஸோ.
ஐந்து ஊர், இரண்டு நாள் என்கிறேன்.
ஒன்றரை என்று திருத்துகிறாள் நீவெஸ்.
சனி மாலையில் அவளைச் சேர்க்கக் கூடாது:
மெஷினிலிருந்து இறங்கியவள்
பிழிந்து கொடியில் போட்ட துணி.
பேச்சுக் கொடுத்தால் சுவரைப் பார்ப்பாள்.

ஜெனோவா துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம்
கிரேன் ஓட்டினேன்.
உலகம் பெட்டி பெட்டியாய் வந்து
என் கொக்கியில் தொங்கிவிட்டுப் போனது.
பக்கத்தில் இருக்கும் இந்த ஊர்களையோ
சுரங்கத்துக்கும் சுரங்கத்துக்கும் நடுவே
ஜன்னலில் ஒரு கண்சிமிட்டல் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறோம்.
ஸ்பெட்ஸியாவில் அவள் அண்ணன் கல்யாணம்,
பிறகு அதே அண்ணனின் சாவு,
இரண்டுக்கும் நிற்காத வண்டியில்தான் போனோம்.

கொர்னீலியாவை அடித்துவிட்டேன்.
ஸ்டேஷனிலிருந்து முந்நூற்றுச் சொச்சம் படி.
அடித்த கோட்டின் மேலேயே எழுதுகிறாள்:
கொர்னீலியா. பஸ் உண்டு.

உப்பில் அடுக்கிய நெத்திலி கூடாது.
தக்காளி கூடாது.
எலுமிச்சைத் தோட்டத்தைப் பார்க்கலாம், பறிக்கக் கூடாது.
பிரிட்ஜ் கதவில் ஒட்டிய பட்டியல் இன்னும் நீளும்.
"அப்படியென்றால் அங்கே போய் என்ன செய்வாய்?"
"நீ தின்பதைப் பார்ப்பேன்.
பார்த்துக்கொண்டே குறை சொல்வேன்."

தண்ணீர், நாளொன்றுக்கு எழுநூறு மில்லி.
சூப்பும் தண்ணீர். திராட்சையும் தண்ணீர்.
ஐஸ்கிரீம் என்பது வேஷம் கட்டிய தண்ணீர்
என்பாள் நர்ஸ் லொரெடானா, சிரிக்காமல்.
மாத்திரை விழுங்கவே நூற்றிருபது போய்விடும்.
இரண்டு நாள் இடைவெளியில் கூடுதல் கவனம் வேண்டும்:
குடித்ததெல்லாம் கணுக்காலில் வந்து உட்காரும்,
பிறகு மூச்சில்.

பென்சிலால் அட்டவணை ஓரத்தில்
கழித்தல் போடுகிறாள் நீவெஸ்.
ஞாயிறு காலை காபி, நாற்பது.
மாத்திரை, நூற்றிருபது.
மதியம் ரொட்டி, வறண்டதாக.
நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒரு துண்டு ஐஸ்.
மாலை ஐந்தரை, வெர்னாட்ஸா,
படகுகளை இழுத்துப் போட்டிருக்கும் சதுக்கம்,
வெள்ளை ஒயின், இருநூறு.
"இருநூறா?"
"முழுக் கிளாஸ், ஆர்மான்டோ.
நூறு ஊற்றிக்கொண்டு வந்தால்
எழுந்து போய்விடுவேன்."

அதுதான் திட்டம்.
மற்ற ஊர்களெல்லாம்
அந்தக் கிளாஸைச் சுற்றி இழுத்துப்போட்ட நாற்காலிகள்.
நான் இத்தனை நேரம் வண்டி நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவில் அவள் இடது கை என் பக்கம் கிடக்கும்.
நாளத்தோடு நாளத்தைத் தைத்த இடத்தில்
ரத்தம் ஓயாமல் இரையும்.
கடல் மாதிரி இருக்கிறது என்றாள் என் தங்கை,
காதை வைத்துக் கேட்டுவிட்டு.
இல்லை. பழைய பிரிட்ஜ் மாதிரி.
நின்றுபோனால் எழுந்துவிடுவோம், அந்த மாதிரி.

வெர்னாட்ஸாவில் அறை வாடகைக்கு விடும்
ஒத்தாவியா அம்மாளுக்குப் போன் போட்டேன்.
எத்தனை படி என்று முதலில் கேட்டேன்.
நாற்பத்தொன்று என்றாள்; பின்னால் ஒரு கிழக்குரல்
நாற்பத்திரண்டு என்று கத்தியது.
வாசற்படி யார் கணக்கு என்று
அங்கே கொஞ்ச நேரம் சண்டை நடந்தது.
பிறகு சொன்னாள், இரண்டு அறை காலி:
ஒன்று கடல் பார்த்தது, இருபது யூரோ அதிகம்.
மற்றது ரயில் பாதைப் பக்கம்.

ரிசீவரைப் பொத்திக்கொண்டு
கடல் என்று உதடு அசைத்தேன்.
வருஷத்துக்கு ஒருமுறை, இருபது யூரோவெல்லாம் ஒரு காசா?

நீவெஸ் தலையாட்டினாள், வேண்டாமென்று.
ரயில் பக்கமே சொல்.
ராத்திரி முழுக்க
தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால்
தாகமெடுக்கும்.