பொழுதுபோக்கு: நீச்சல்

ஹம்டன் லேன் முனையில்
போட்டோகொப்பி, லெமினேட்டிங், ரீலோட்
எல்லாம் செய்கிற கடையில்
சீ.வி.யும் அடித்துத் தருவார்கள்,
பக்கம் நூற்றைம்பது.

ஜெசிந்தன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
யாரோ ஒருவனின் சீ.வி.யைத் திறந்து
அவன் பெயரை அழித்தான்.
அழிந்த இடத்தில் ஒரு கோடு
துடித்துக்கொண்டு நின்றது.
"முழுப்பேரைச் சொல்லுங்கோ."

அமிர்தநேசன் மிதுர்சனா.
பிறப்புச் சான்றிதழில் ஒரு எச் கூட,
அடையாள அட்டையில் ஒரு எச் குறைவு.
எதைப் போட?
"எது வேலை எடுத்துத் தருமெண்டு நினைக்கிறீங்களோ
அதைப் போடுவம்."

நிரந்தர முகவரி.
வருசத்துக்கு வருசம் ஒப்பந்தம் முடிகிற வீடு எங்களது.
நிரந்தரம் என்ற சொல்லைக் காதில் விழாதமாதிரி விட்டு
இப்போதைய இலக்கத்தைச் சொன்னேன்.

ஏ.எல்., வர்த்தகம்: ஒரு பி, ஒரு சி, ஒரு எஸ்.
எஸ்ஸை அடிக்கையில் அவன் விரல் தயங்கியது
எனக்குத்தான் தெரிந்திருக்கும்.

அனுபவம்?
பேசாமல் நின்றேன்.
காஸ் வரிசையில் மூன்று நாள்
வெறும் சிலிண்டரைக் கால்மாட்டில் சங்கிலியிட்டு
அதன்மேல் கொப்பியை விரித்து
ஐந்தொகை சமப்படுத்தியதை
எந்தத் தலைப்பின் கீழ் போடுவது?
களுபோவில ஆஸ்பத்திரியில்
டொக்டர் சிங்களத்தில் சொன்ன அப்பாவின் வருத்தத்தை
தமிழில் பாதியாகக் குறைத்து
அம்மாவுக்குச் சொன்னேனே,
அது மொழிபெயர்ப்பா, கணக்கியலா?

"அனுபவம்: இல்லை" என்று அடித்தான்.
பிறகு தானாகவே அழித்து
"கற்றுக்கொள்ளும் ஆர்வம் மிக்கவர்" என்று போட்டான்.
அந்த வரிக்குக் காசு கேட்கவில்லை.

உறவினர் அல்லாத இருவர் வேண்டுமாம்,
என்னைத் தெரியுமென்று சொல்ல.
படிப்பித்த டீச்சர் மெல்பேர்ன் போய்விட்டா.
அவவின் பழைய நம்பரையே கொடுத்தேன்.
மற்றது வீட்டுக்கார அங்கிள்.
இரண்டு மாத வாடகை பாக்கி.
என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல
இந்தக் கொழும்பில்
அவரைவிடக் காரணம் உள்ளவர் யார்?

பத்துப் பிரதி. பத்து மண்ணிறக் கவர்.
நூறாம் இலக்க பஸ்ஸில்
மடியில் வைத்தால் மடங்கும் என்று
முன்சீட்டுக்காரர் முதுகோடு பிடித்துக்கொண்டு போனேன்.
கொள்ளுப்பிட்டியில் நாலு,
யூனியன் பிளேஸில் மூன்று,
கோட்டையில் ஒரு வாட்ச்சரின் மேசை லாச்சிக்குள் ஒன்று.
மிச்சம் இரண்டும் வியர்வையில் ஊறிப்போயின.

பன்னிரண்டாம் நாள் அழைப்பு வந்தது.
இன்சூரன்ஸ் கம்பெனி. ஏசி குளிர்.
சாம்பல் சேலை உடுத்திய அம்மணி
இரண்டாம் பக்கத்தைத் திருப்பி
ஆங்கிலத்தில் கேட்டா:
"நீச்சலா? எங்கே நீந்துவீர்கள்?"

எட்டிப் பார்த்தேன்.
பொழுதுபோக்கு:
சதுரங்கம், நீச்சல், முத்திரை சேகரித்தல்.
ஜெசிந்தன் அழித்த அந்த யாரோ
அடியில் மூன்று சொல்லாக
மூச்சுப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில்
ஒரு தண்டவாளம் மட்டும்தான்.
இருபது வருசத்தில் அந்தக் கடல்
என் முழங்காலைத் தாண்டியதில்லை.

"வெள்ளவத்தையில்" என்றேன்.
பொய் இல்லை.
கடல் இருக்கிற இடத்தைத்தானே சொன்னேன்.
அவ எதையோ எழுதினா.
தலைகீழாக வாசிக்க எனக்கு இன்னும் வராது,
அதுவும் ஒரு தகைமையாக இருக்கலாம்.

சவோய் ஹோல்ட்டில் இறங்கி
நேரே கடைக்குப் போனேன், சண்டைக்கு.
உள்ளே ஒரு பையன்,
ஓ.எல். முடித்த மீசை,
நெஞ்சோடு அணைத்த ஃபைல்.
திரையில் என் பெயர்
பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாய்ப் போய்க்கொண்டிருந்தது.
இரண்டு எச்சில் எதை முதலில் அழித்தான் என்று
பார்க்கப் பிந்திவிட்டேன்.
கீழே, கற்றுக்கொள்ளும் ஆர்வம் அப்படியே இருந்தது.

ஜெசிந்தனை விட்டுவிட்டு
பையனிடம் கேட்டேன்:
"தம்பிக்கு நீந்தத் தெரியுமா?"

அவன் அவசரமாக
ஃபைலைத் திறந்து தேடினான்.