பர்லியார், மூவாயிரத்து ஐந்நூறு

"செலவே வைக்காத வண்டி" என்கிறார்
வாசலில் நின்று பானட்டைத் தட்டி.
கேத்தியிலிருந்து வந்திருக்கும் பெள்ளிராஜ்
குனிந்து டயரின் உள்பக்கத்தைத் தடவுகிறார்.
"பதினாலு வருஷம். ஒரு நாள்கூட
வழியில நின்னதில்ல."
நான் சமையலறை ஜன்னலில்
பாலுக்குக் காவல் நிற்கிறேன்.
இரண்டு பேரும் பொங்குகிற நேரம்தான்.

ஷிப்டுக்குப் போக இவருக்கு
ஃபேக்டரி பஸ் இருந்தது.
ஞாயிறு மட்டும் ஓட்டுகிறவருக்கு
எந்த வண்டியும் ஞாயிற்றுக்கிழமை மாதிரிதான்.
திங்கள் முதல் சனி வரை என்னுடையது:
பிள்ளைகள், சிலிண்டர், மாமனாரின் கண் ஆஸ்பத்திரி,
ஓட்டுப்பட்டறையில் யாக்கூப் பாயின் ஷெட்.

கூட்டுறவு பேங்க் கொடுத்த டைரி.
தேதிகளை அடித்து அடித்து எழுதியிருக்கிறேன்.
கிளட்ச் பிளேட் மூன்று முறை.
சிம்ஸ் பார்க் ஏற்றத்தில், சீசன் கூட்டத்தில்,
டூரிஸ்ட் வேனுக்குப் பின்னால்
நின்று நின்று கிளம்பிய இடது காலுக்கு
எந்தக் கடையிலும் ஸ்பேர் கிடைக்கவில்லை.
பிரேக் பேட், எண்ணுவதை விட்டுவிட்டேன்.
வைப்பர் ரப்பர் இரண்டு: குரங்கு.
பின் கதவு: காட்டெருமை.
இன்சூரன்ஸ்காரர் சாட்சி கேட்டார்.
ஒயரிங்: எலி.
அதே மாதம் இருபத்தாறாம் தேதி, மறுபடி எலி.
மிதியடிக்குக் கீழே துரு.
துவைத்த துணியே நாலு நாள் காயாத ஊரில்
இரும்பு மட்டும் என்ன செய்யும்?
வெல்டிங் 1,800. வெல்டிங் 2,200.
அப்புறம் யாக்கூப் பாய் டார்ச்சை அணைத்துச் சொன்னார்:
"வெல்டிங் வைக்கவும் கொஞ்சம் இரும்பு வேணுமேம்மா."

வீட்டுக் கணக்கில்
துவரம்பருப்பு விலை ஏறிய மாதங்களில் எல்லாம்
நான் ஏதோ ஒரு புஷ் மாற்றியிருக்கிறேன்.

"சர்வீஸ் ரெக்கார்டு ஏதாச்சும் இருக்குங்களா?"
இவர் சிரிக்கிறார். "செலவே இல்லாததுக்கு என்னங்க ரெக்கார்டு?"
அடுப்பை அணைத்துவிட்டு
டைரியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பெள்ளிராஜ் உட்காரவில்லை.
கம்பவுண்டர் சீட்டு பார்ப்பதுபோல
ஒவ்வொரு பக்கமாக, உதடு அசைய.
"டைமிங் பெல்ட் எண்பதாயிரத்துல மாத்தியிருக்கீங்க.
அப்ப சரி."
எழுபத்தெட்டாயிரம். ஐந்நூறுகூடக் குறைக்கவில்லை.
நோட்டுகளை எண்ணி என் கையில் கொடுத்தார்.

இப்போது டைரி இவரிடம்.
எருமையைத் தாண்டுகிறார், எலிகளைத் தாண்டுகிறார்.
ஒரு வரியில் விரல் நிற்கிறது.
"பர்லியார், டோயிங், 3,500.
பர்லியாருக்கு நீ எப்பப் போன?"

ஜூன் மாதம். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது.
பத்தரைக்குக் கோயம்புத்தூரில் எனக்கு ஒரு இன்டர்வியூ,
பள்ளிக்கூடத்தில் கணக்கெழுதும் வேலை.
கஞ்சி போட்ட பச்சைப் புடவை.
பாக்குத் தோப்பெல்லாம் ஆவி.
மங்குஸ்தான் விற்கிறவர் ஒரு குடம் தண்ணீர் கொடுத்தார்,
குடிக்கவா வண்டிக்கா என்று கேட்காமல்.
கீழே போகும் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின.
நான் மேலே வந்தேன், கயிறு கட்டி.

அந்த வேலையின் சம்பளத்தை
டைரியில் எந்தப் பக்கம் எழுதுவதென்று
தெரியவில்லை. எழுதவில்லை.

"பஸ்ஸ புடிச்சு போயிருக்கலாமே" என்கிறார், மெதுவாக.
போயிருக்கலாம்தான்.
நடுவழியில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை
என்று சொன்னால்
வண்டியைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

வெளியே பெள்ளிராஜ் சாவியைத் திருப்புகிறார்.
இருமல். மறுபடியும் இருமல்.
டைரியில் இல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது.
ஜன்னலிலிருந்து கத்தினேன்:
"பாதி திருப்பி மூணு எண்ணுங்க!
அப்புறம்!"

எண்ணுகிறார். கண்ணாடி வழியே உதடு தெரிகிறது.
இரண்டு.
மூன்று.