பல்லுக்கொதி

வினிபெக்கில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
ஈரக் கை கதவுப் பிடியில் ஒட்டிக்கொள்கிற காலை.
இந்தக் குளிருக்குள் நின்று
"அம்மா, பல்லுக் கொதிக்குது" என்கிறாள் யதுரா.

இங்கே பிறந்தவள். ஆறு வயது.
பனிக்கும் ஐஸுக்கும் பெயர் குழப்புகிறவள்
இந்தச் சொல்லை மட்டும்
பிழையில்லாமல் சொல்கிறாள்.
நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

முதல் கிளினிக்கில் விளக்கைப் பிடித்துப் பார்த்தார்கள்.
நாலு பல் சொத்தை. இரண்டுக்கு வேர்வரை.
வரவேற்புப் பெண் ஒரு தாளில் தொகையை எழுதி
சத்தமில்லாமல் என் பக்கம் நகர்த்தினாள்.
எங்கள் வாடகையைவிட நூற்றுப் பத்து டொலர் கூட.
"காப்புறுதி?" என்றாள்.
குளிர்தானே, காப்புறுதி என்றதும்
கையுறையைத் தேடினேன்.
பிறகுதான் விளங்கியது.

தண்டர் பே வீதியில் எங்கோ
லொறியை ஓரம் கட்டிவிட்டு அவர் சொன்னார்:
"விழப்போற பல்லுத்தானே. தானா விழட்டும்."
கடைவாய்ப் பாற்பல் விழ இன்னும் நாலு வருசம்.
நாலு வருசம் ஒரு பிள்ளை
ஒரு பக்கத்தால் சாப்பிட முடியுமா?
முடியும்.
நான் ஏழு வருசமாய்ச் சாப்பிடுகிறேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.
உருளைக்கிழங்குத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
நிற்கவே முடியாமல் வந்த காலைகளில்
சீனி போட்ட பால் போத்தலை வாயில் வைத்து
அவளைப் படுக்கப் போட்டேன்.
அழவில்லை. மேல்வீட்டுக்காரர் தரையில் தட்டவில்லை.
ஒரு மணித்தியாலம் தூங்கினேன்.
பாற்பல்:
பால் தின்ற பல் என்று
அப்போது யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

சலவை அறையில் தெர்ஹாஸ்,
எரித்திரியாக்காரி, மூன்று பிள்ளைக்காரி,
காலுறைகளுக்குச் சோடி தேடிக்கொண்டே சொன்னாள்:
"பல்வைத்தியக் கல்லூரிக்குப் போ.
படிக்கிற பிள்ளைகள் செய்வினம்.
காசு பாதி. நேரம் மூன்று மடங்கு.
சாப்பாடு கட்டிக்கொண்டு போ."

போனோம். சார்ஜன்ட் அவென்யூவில் பஸ் பிந்தியது.
கதிரை பெரிது, அவள் கால் பாதிக்குத்தான் எட்டியது.
மாணவியின் பெயர் மரிசெல்.
முகமூடிக்கு மேலே புருவம் மட்டும் பதறியது.
ஒவ்வொரு படிக்கும் கையை உயர்த்தினாள்;
ஆசிரியர் வந்து, குனிந்து, "ம்" என்றுவிட்டுப் போனார்.
யதுரா கேட்டாள்:
"இது உங்கட முதல் பல்லா?"
"பதினாலாவது."
பிள்ளை யோசித்தாள்.
பிறகு வாயைத் திறந்தாள்.

மூன்று மணித்தியாலம் இருபது நிமிடம்.
என் சுண்டுவிரலை அவள் நெரித்த நெரியில்
பல் யாருடையது என்று
எனக்கே சந்தேகம் வந்தது.

மிச்சக் காசை மாதம் நாற்பதாகக் கட்டலாம்,
வட்டி இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.
அந்தத் தாளை மடிக்காமல் கொண்டுவந்தேன்.

பஸ்ஸில் உதடு விறைத்துக் கோணியிருக்க
ஏறுகிறவர் எல்லோருக்கும் திறந்து காட்டினாள்
வெள்ளித் தொப்பி போட்ட பல்லை.
வேலைச் சப்பாத்தோடு வந்த கிழவர் ஒருவர்
தன்னுடையதையும் திறந்து காட்டினார்.

இரவு. புட்டும் பருப்பும்.
அவள் வலப்பக்கத்தால் மெல்கிறாள்,
கவனமாக, புதுச் சப்பாத்துப் போட்டு நடப்பவள்போல.
மென்றுகொண்டே என் கன்னத்தைப் பார்க்கிறாள்.

"உங்களுக்கும் கொதிக்குதுதானே.
கோப்பை கழுவேக்க சொல்லுவீங்களே."

கிராம்பைக் கடித்துக்கொண்டு
தண்ணீர்ச் சத்தத்துக்குள்
எனக்கு நானே சொன்ன சொல்.

"மரிசெல்லுக்கு இன்னும் பல்லு வேணும், அம்மா.
இருபது செய்தால்தான் பாசாம்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.
எட்டி, விளக்கு வெளிச்சத்தில்
உள்ளே பார்த்துவிட்டாள்.