இருபதுக்கு ஒன்று

பள்ளியாடி அண்டியாபீசில்
தொலி எடுக்கும் கொட்டகை, மூன்றாவது வரிசை, ஜன்னலோரம்.
என் பெயருக்கு ஒரு அட்டை உண்டு,
அதில் முந்நூற்று அறுபத்தைந்து கட்டம்.
வந்த நாளுக்கு ஒரு பி. வராத நாளுக்கு ஒரு கோடு.
கப்பல் வராத நாளுக்கு
ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை.

"ரோஸ்லெட்டு, ஒனக்கு லீவு சம்பளம் கெடையாது" என்றார்
கணக்கர் வில்பிரட்.
"இருநூத்தி நாப்பது நாள் வேணும்.
ஒனக்கு இருநூத்தி முப்பத்தொண்ணு."
ஒன்பது நாள்.
மகனுக்கு மஞ்சக்காமாலை வந்த ஒரு வாரம்,
மாமியார் அடக்கத்துக்கு ரெண்டு நாள்.
எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது.
திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
பருப்பின் செந்தொலி அன்றைக்கு
நகத்தை விட்டுப் போகவே இல்லை.

டெல்ஃபின்தான் கேட்டாள். யூனியன் ரசீது புக்கு வைத்திருப்பவள்,
பேசும்போது வாயில் குண்டூசி கடித்திருப்பாள்.
"கப்பல் தூத்துக்குடிக்கு வரலேண்ணு
ஆவணியில கேட்டைப் பூட்டினானே,
அது எத்தன நாளு பிள்ளே?"
பன்னிரண்டு.
"சோலி இல்லண்ணு அனுப்பினது அவன். போனது நீ இல்ல.
அதையும் கூட்டணும்."

இருநூற்று முப்பத்தொன்றும் பன்னிரண்டும்
இருநூற்று நாற்பத்து மூன்று.
மூணு நாள் மிச்சம்.

வில்பிரட் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
தெரியாமல் இல்லை அவருக்கு.
யாரும் கேட்காத கணக்கை
யார் போட்டு வைப்பார்?

அப்புறம் அடுத்த கணக்கு.
இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் லீவு.
பூட்டிக் கிடந்த நாள் வாசல் தாண்ட உதவும்,
லீவு ஈன்று தராது.
ஆக இருநூற்று முப்பத்தொன்றை இருபதால் வகுக்க
பதினொன்று, மிச்சம் பதினொன்று.
அரை நாளைத் தாண்டினால் முழு நாள் என்று
எழுதி வைத்திருக்கிறதாம்.
பன்னிரண்டு!
எந்த மகராசன் எழுதினானோ,
அரைகுறையாய் நிற்கிறவளை
ஒரு தடவை முழுசு என்று எண்ணியவன்.

ஒரு நாளுக்கு எவ்வளவு?
போன மாதக் கூலியின் சராசரி.
போன மாதம் பெருவிரலில் கத்தி பட்டது.
பிளாஸ்டரோடுதான் எடுத்தேன், நாளுக்கு ஒரு கிலோ குறைவாய்.
அதற்கு முந்தின மாதத்து விரல் என்றால் நானூற்றுப் பத்து.
வெட்டுப்பட்ட விரலுக்கு
முந்நூற்று எண்பத்து நான்கு.
சும்மா இருப்பதன் விலையையும்
கைதான் விதிக்கிறது, ஒரு மாதம் முன்னாலேயே.

"பணமா வாங்கிட்டு சோலிக்கு வா,
ரெட்டைச் சம்பளம் ஆச்சு" என்றார்.
கொட்டகையில் பாதிப் பேர் அப்படித்தான் கையெழுத்திட்டார்கள்.
குறை சொல்ல மாட்டேன்.
வெள்ளிக்கிழமை தோறும் குழுக்காரி வாசலில் வந்து நிற்பாள்.
நான் பணத்தையும் எடுத்தேன், நாளையும் எடுத்தேன்.

இன்று முதல் நாள், புதன்.
எட்டு மணிக்குச் சங்கு ஊதியது.
கால் தானாக எழுந்து செருப்பைத் தேடியது.
கூப்பிட்டுப் படுக்க வைத்தேன்.

எட்டிலிருந்து பத்து வரை சும்மா கிடந்தேன்:
தொண்ணூற்றாறு ரூபாய்.
ஓட்டுக்கடியில் ஒரு பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தது
பன்னிரண்டு.
சாயா போட்டு, சூட்டோடு, கடைசி மடக்கு வரை
உட்கார்ந்து குடித்தது
எட்டு.
பிறகு கணக்கு விட்டுப்போயிற்று.

யார் தருகிறார்கள் இதை?
முதலாளி என்றுதான் ரசீதில் இருக்கிறது.
எனக்குத் தெரிந்து, இருபது ரோஸ்லெட்டுகள்,
ஒரே சேலை, ஒரே முதுகுவலி,
ஆளுக்கொரு பிடி ஒதுக்கி வைத்து
ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.
அவளிடம் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை,
என்ன செய்தாய் என்றுகூட.

மத்தியான ரயில் போனது. டம்ளர் அதிர்ந்தது.
பார்த்தால், மடியில் விரல்கள்
இல்லாத பருப்பை உரித்துக்கொண்டிருந்தன.
தடுக்கவில்லை.
அவற்றுக்கு இன்னும்
தகவல் போய்ச் சேரவில்லை.